பீரோவுக்குள் இருப்பவள்

கொட்டாரம்,
திங்கட்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான ஆன்ட்ரூஸ் அண்ணனுக்கு, தங்கை ஜெபகனி ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. நீங்களும் மைனியும் பிள்ளைகளும் நாகர்கோவிலில் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். நான் சுகமில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். போனை எடுத்தாலே உங்கள் மச்சான், "ஏட்டி, சத்தம் போட்டுப் பெகளம் வைக்காத, அந்தப் பிள்ள உள்ள ஒறங்குது" என்று என் வாயைப் பொத்துகிறார்.

அந்தப் பிள்ளை யார் தெரியுமா? என் கல்யாணத்துக்கு ஆளுயரக் கண்ணாடி வைத்த பீரோ வாங்கித் தந்தீர்களே, அதற்குள் இருப்பவள். அதாவது நான்தான். எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் ஸ்டார் பக்கத்து வீட்டு மரியான் ஸ்டாரைவிட உயரத்தில் தொங்க வேண்டும் என்று ஏணியில் ஏறி, விழுந்து தலையில் அடிபட்டாரே, அதிலிருந்து கண்ணாடியில் தெரிவது வெறும் பிம்பம் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. அதற்குப் பின்னால் இன்னொரு அறை இருக்கிறது என்றே மூளை சொல்லுமாம், டாக்டர் படம் வரைந்து காட்டினார். எனக்கு விளங்கியது. விளங்கி என்ன செய்ய? இவருக்கு அந்த அறையில் நல்ல காற்றாம், இங்கே புழுக்கமாம். அவளோடு நிற்கிற வழுக்கைத் தலையர் அவளுடைய அப்பாவாம்!

நெய்மீன் பொரித்தால் முதல் துண்டு அவளுக்கு. கண்ணாடியெல்லாம் மசாலா. நான் துடைத்தால், "அவளும் கூடமாட தொடைக்கா பாரு, நல்ல பிள்ள" என்கிறார். முப்பத்தொண்ணு வருசமா மீன் பொரிக்கேன் அண்ணே, ஒரு நாளாவது "நீ தின்னியா"ன்னு கேட்டிருப்பாரா இந்த மனுசன்? ஆத்திரத்தில் கத்தினேன். "அவளும் வாய அசைக்கத்தான் செய்யா, சத்தம் வருதா? அவளப் பாத்துப் படி" என்றார். பெட்ஷீட் போட்டு மூடினேன், அவளுக்கு மூச்சு முட்டும் என்று உருவிப் போட்டார். அவள் லட்சணம் குறையட்டும் என்று கிழிந்த நைட்டியோடு போய் நின்றேன். "பாவம், உடுக்க நல்ல துணியில்ல. உன் கல்யாணச் சேலைய அவளுக்குக் குடு" என்கிறார்! என் வயிறு எரிகிறது அண்ணே. என் மூஞ்சியைப் பார்த்தே எனக்குப் பொறாமை வரும் என்று கனவிலாவது நினைத்தேனா?

ஒன்று அவள், இல்லையென்றால் நான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் டெம்போவோடு வந்து, நீங்கள் தந்த சக்களத்தியை நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள்.

மைனிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் கண்ணாடிகளைக் கர்த்தர் காப்பாராக.

தங்கை,
ஜெபகனி

பி.கு.: டெம்போ வேண்டாம். கவரை ஒட்டப் போனபோது கூப்பிட்டார். பின்னால் போய் நின்றேன். என்னைத் திரும்பிப் பார்க்காமல் கண்ணாடியிடம் மெதுவாகச் சொல்கிறார்: "நீங்க நல்லவங்கதான். ஆனா இங்க ஒருத்தி உண்டு, வாய் கொஞ்சம் நீளம். இப்பம் எனக்கு எது உள்ள, எது வெளியன்னு ஒண்ணும் பிடிபடல்ல. அவ பெகளம் கேட்டாத்தான் நம்ம வீடு எந்தப் பக்கம்னு தெரியும். அவளுக்கு மனசு கஷ்டமாவுது. இனி வராதீங்க, கேட்டியளா."

அவள் அழுதுவிட்டாள் அண்ணே. எனக்கே பாவமாகப் போய்விட்டது. பீரோ அங்கேயே இருக்கட்டும்.