அயர்லாந்து ஆட்டமும் அத்தையின் கட்டைவிரலும்

கோபத்தில் இரண்டு வகை உண்டு. கத்திவிட்டு மறந்துவிடுகிற கோபம் ஒன்று. பேசாமலே ஆளைக் கொல்கிற கோபம் இன்னொன்று. என் மாமியார் இரண்டாவதில் பட்டம் வாங்கியவர்.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஜாரில் புடைவைக் கடை வைத்திருக்கும் சைவக் குடும்பத்துப் பெண் நான், மாலா. கொட்டகலை கத்தோலிக்கப் பையன் அன்டனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அவர் வீட்டுக்கே வாழப் போனேன். அத்தை என்னை விரட்டவில்லை. சோறு போட்டார். ஆனால் எட்டு மாதமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்ல வேண்டியதை ரைஸ் குக்கரிடம் சொல்வார். "இந்த வீட்ல லைட்ட அணைக்கிற பழக்கம் சில பேருக்கு இல்ல." (குக்கர் பாவம், என்ன பதில் சொல்லும்?)

எனக்கு வலித்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அத்தை வாயிலிருந்து எனக்கென்று ஒரு வார்த்தை, அது திட்டாக இருந்தாலும் சரி, வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். அன்றைய மாலாவுக்கு அறிவைவிட வைராக்கியம் அதிகம். பிடித்தால் உடும்புப் பிடி.

அந்த நேரத்தில்தான் மாதா கோயிலில் பூசை முடிந்து அறிவித்தார்கள். அயர்லாந்திலிருந்து ஆங்கிலம் கற்பிக்க வந்திருந்த நோரா மிஸ், சனிக்கிழமைகளில் பங்கு மண்டபத்தில் அவர்கள் ஊர்க் கூட்டு நடனம் சொல்லித் தருவாராம். எட்டு வயதானாலும் வரலாம், எண்பதானாலும் வரலாம். ஆடத் தெரியாவிட்டால் ரொம்ப நல்லது. சீனி வியாதிக்கு உடம்பை அசைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர் என்று அத்தை பேர் கொடுத்தார். அடுத்த நிமிடம் நானும் கொடுத்தேன்.

"ஒனக்கு நேரா நடக்கவே வராதே," என்றார் அன்டன்.

"பழகிக்குவேன். நீங்க பாருங்க."

ஆட்டம் இதுதான். நாலு நாலு பேராகக் கைகோத்து, இரண்டு வரிசைகள் எதிரும் புதிருமாக நிற்கும். முன்னால் போக வேண்டும், பின்னால் வர வேண்டும். பிறகு ஒரு வரிசை கைகளைத் தூக்க, மற்ற வரிசை அடியில் நுழைந்து போய் அடுத்த வரிசையைச் சந்திக்கும். அத்தையும் என்னைச் சந்திக்காமல் தப்ப முடியாது. இதைக் கண்டுபிடித்தவருக்கும் ஒரு மாமியார் இருந்திருக்க வேண்டும்.

ஐந்து வாரம் வெறியோடு பழகினேன். ரொட்டி தட்டும்போதும் ஒன்று-இரண்டு-மூன்று, பஸ்ஸுக்கு நிற்கும்போதும் ஒன்று-இரண்டு-மூன்று. (பக்கத்தில் நின்ற சிங்கள அம்மா ஒருவர், நான் குளிரில் நடுங்குவதாக நினைத்துத் தன் சால்வையை நீட்டினார்.) கடைசியில் நோரா மிஸ்ஸே சொல்லிவிட்டார்: அடி மறந்துபோனால் மாலாவைப் பாருங்கள், அவள் செய்வதைச் செய்யுங்கள். அந்தப் பாராட்டுத்தான் வினையானது.

ஆறாவது சனிக்கிழமை, ஊரார் முன் ஆடிக் காட்டும் நாள். மண்டபம் நிறைய ஆட்கள், முதல் வரிசையில் பாதர். நம் வழக்கப்படி செருப்பு, சப்பாத்து எல்லாம் வாசலில். (சப்பாத்தோடு ஆடச் சொல்லிச் சொல்லி நோரா மிஸ் அலுத்துவிட்டார்.) சிவப்புப் பொலிஷ் போட்டுத் தேய்த்த தரையில் இருபத்துநான்கு பேர் கம்பளிச் சொக்ஸோடு நின்றோம்.

மூன்றாவது சுற்றில் அத்தையின் வரிசை எங்களுக்கு எதிரே வந்தது. அத்தை என் தலைக்கு மேலிருந்த பல்பைப் பார்த்தபடி வந்தார். நான் சிரித்துக்கொண்டே போனேன். சொக்ஸ் வழுக்கியது. என் முழுப் பாரமும் அத்தையின் கட்டைவிரலில் இறங்கியது.

எங்கள் வீட்டில் ஒரு பழைய பேப்பரில் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். மாமியார் காலையே மிதித்தால்? மூளையைக் கேட்காமலே உடம்பு குனிந்துவிட்டது. பிடித்திருந்த கைகளை உதறிவிட்டு, அத்தையின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன்.

மாலா குனிந்தாள் என்று என் வரிசை குனிந்தது. அதைப் பார்த்து எதிர் வரிசையும் குனிந்தது, அத்தையைத் தவிர. எங்களுக்கு முதுகைக் காட்டி ஆடிக்கொண்டிருந்த வரிசைக்கு மட்டும் எதுவும் தெரியாது. அவர்கள் பின்னோக்கி வந்துகொண்டே இருந்தார்கள்.

"எந்திரி புள்ள! பின்னால ஆள் வருது!"

அத்தையின் குரல். எனக்கு! எட்டு மாதத்தில் முதல் வார்த்தை. அதிலும் 'புள்ள'! எழுந்திருக்க மறந்து, "என்ன சொன்னீங்க அத்தை?" என்று அண்ணாந்து கேட்டேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நான் இன்னும் செய்யவில்லை.

நாலு முதுகுகள் வந்து மோதின. நான் அத்தை மேல், என் மேல் தபால்காரர் ஜோசப் அண்ணன், அவர் மேல் யார் என்று இன்றுவரை தெரியாது. ஸ்பீக்கரில் வயலின் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ஆட்டமே இப்படித்தான் முடியும் போல என்று பாதர் கை தட்ட, மண்டபமே தட்டியது.

குவியலின் அடியிலிருந்து அத்தை தொடங்கினார். "கண்ண எங்க வச்சிருக்க? தரைய பாத்து நடக்கக்கூட ஒங்க வீட்ல சொல்லித் தரலயா?"

"மன்னிச்சிருங்க அத்தை."

"மன்னிப்ப அப்புறம் கேளு. மொதல்ல எந்திரி, மூச்சு முட்டுது!"

முழங்கால் உரிந்திருந்தது, சல்வார் கிழிந்திருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததே இல்லை. ஆட்டோவில் வீட்டு வாசல்வரை அத்தை திட்டிக்கொண்டே வந்தார், ஒவ்வொரு வார்த்தையும் என்னைப் பார்த்தே.

நோரா மிஸ் ஊருக்குப் போய்விட்டார். ஆட்டம் இங்கேயே தங்கிவிட்டது, அந்தக் கும்பிடும் ஓர் அடியாகச் சேர்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், "யாராச்சும் கால மிதிங்கப்பா," என்பார் அன்டன்.

போன மாதம் மீன் குழம்பில் புளி கூடிப்போன விஷயமாக அத்தைக்கும் எனக்கும் சண்டை. இந்த முறை பேசாமல் இருந்தது நான். மூன்றாம் நாள் காலை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். அத்தை மெல்ல வந்து பக்கத்தில் நின்றார். ஓங்கி என் காலில் ஒரு மிதி மிதித்தார்.

"மிதிச்சாச்சு," என்றார். "இப்ப பேசு."