ஸ்கோப் பார்த்துச் சொல்பவர்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் நம் தெருக்களில் ஒரு வகை மனிதர் தலைகாட்டுவார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிள்ளை என்ன மார்க் என்று கேட்பார், நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் கட்-ஆஃப் போட்டுவிடுவார், அண்ணாந்து மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்ப்பார், பிறகு உச்சுக் கொட்டி, "அதுல ஸ்கோப் இல்லைங்க" என்பார். எதில்? நீங்கள் எதைச் சொன்னாலும் அதில்.

அரியலூரில் உரக்கடை வைத்திருக்கும் குருநாதன் இந்த இனத்தின் அசல் வார்ப்பு. டிப்ளமோவில் எட்டு அரியர் வைத்துவிட்டு, அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காதவர். அதனால் என்ன? யூரியா கேட்டு வந்தவரின் மகளை நர்சிங்கிலிருந்து லேப் டெக்னீஷியனுக்கு மாற்றி, எக்ஸ்ரே படிப்பா, "கதிர் படும், நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க யோசிப்பாங்க" என்று மிரட்டி, டயாலிசிஸில் கொண்டுபோய் நிறுத்தி, போன வருடம் அதே டயாலிசிஸ் வேண்டாம் என்று தான் தடுத்த ஆள் கடை வாசலில் நிற்பதைக் கண்டதும் குரலைத் தணித்துக்கொள்வார். யூரியா ஸ்டாக் இல்லை என்பதைக் கடைசியில்தான் சொல்வார்.

இந்த வருடம் அகப்பட்டவள் இலக்கியா. ஆண்டிமடத்தில் இருக்கும் அவருடைய தங்கை வேணியின் மகள். டாக்டர் சீட்டுக்கு மார்க் எட்டவில்லை, மருத்துவம் சார்ந்த மற்றப் பட்டப்படிப்புகளுக்கு விண்ணப்பித்திருந்தாள். அவளுக்குக் குழப்பமே இல்லை. பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன அப்பாவுக்கு, பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் ஜோதி மேடம் நான்கு மாதம் சலிக்காமல் சட்டைப் பொத்தான் போடப் பழக்கினார். அப்பா தன் கையால் முதல் பொத்தானைப் போட்ட அன்று வீடே அழுதது. அது என்ன படிப்பு என்று கேட்டு இலக்கியா எழுதிவைத்துக்கொண்டாள்: ஆக்குபேஷனல் தெரபி. படித்தால் அதுதான்.

"மாமாவக் கேக்காம எதையும் போடாத" என்றாள் வேணி. கேட்டார்கள்.

"பொத்தான் போட்டுவுடறதுக்கு ஒரு டிகிரியா? ஸ்கோப் இல்ல தங்கச்சி. ஓ.டி. போடச் சொல்லு. ஆபரேஷன் தியேட்டர்! டாக்டரே இவ கத்தரி எடுத்துக் குடுத்தாத்தான் தொடங்கணும்."

கவுன்சிலிங் விருப்பப் பட்டியலை உறுதிசெய்யக் கடைசி நாள், மாலை ஐந்து மணிக்குள். தாயும் மகளும் நெட் சென்டர் நடத்தும் செபஸ்டினின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கடையில் கூட்டம், அதனால் மாமா போனில் வந்தார், ஸ்பீக்கரில்.

"மொத இடத்துல ஓ.டி. போடு தம்பி!"

"சார், ஓ.டி.ன்னு இங்க ரெண்டு இருக்கு. எதுங்க?"

இரண்டு இருப்பது குருநாதனுக்கு இன்றுதான் தெரியும். பெயரைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம் அல்லவா? அந்த இனம் கேட்காது, சொல்ல மட்டும்தான் செய்யும். திரையில் முதலாவது ஆபரேஷன் தியேட்டர், இரண்டாவது இலக்கியாவின் ஆக்குபேஷனல் தெரபி. தியேட்டர் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போச்சு.

"எது வருஷம் கூட?" என்றார் மாமா.

"ரெண்டாவதுங்க."

"அதப் போடு! வருஷம் கூடுனாத்தான் ஸ்கோப் கூடும்."

"அண்ணன் சொன்னபடியே போடுங்க தம்பி" என்றாள் வேணி. இலக்கியா வாயே திறக்கவில்லை. நாலு ஐம்பதுக்குப் பட்டியல் பூட்டப்பட்டது.

அவளுக்கு அந்த சீட்டே கிடைத்தது. ஒதுக்கீட்டுக் கடிதத்தை உரக்கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். குருநாதன் கண்ணாடி போட்டுக்கொண்டு, "ஆக்கு... ஆக்குபே..." என்று மூன்று முறை இழுத்தார். வேணி அண்ணன் முகத்தையே பார்த்தாள்.

"ஆபரேஷனுக்கு இப்ப இப்படித்தான் பேரு மாத்திட்டாங்க" என்றார் அவர், கடிதத்தை மடித்துக்கொண்டே. "நல்லாப் படி ஆயி."

"சரிங்க மாமா" என்றாள் இலக்கியா. சிரிப்பை அடக்கியதில் அவளுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. மருமகள் நெகிழ்ந்துபோனாள் என்று மாமா இன்றும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நிற்க. இதைப் படித்துக்கொண்டு வரும்போது, 'என்ன இருந்தாலும் அந்தப் பெண் பிசியோதெரபி எடுத்திருக்கலாம்' என்று உங்களுக்கு ஒரு நொடி தோன்றியதா, இல்லையா? உங்களை யார் கேட்டார்கள்?