மாதுவின் குட்டையில் நான் கொட்டிய தூள்

மாதுவின் குட்டையிலிருந்த மீன்களைக் கொன்றவன் நான். அதோடு நிறுத்தியிருந்தால் முட்டாள் என்ற பெயரோடு போயிருக்கும். பழியை அவன் மனைவி சின்னப்பொண்ணு மேல் போட்டேன். அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

ஏரியூர்ப் பக்கம் முப்பது வருடம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு வரும் பெரிய நோய், தான் சொல்வதைக் கேட்க ஆள் இல்லாமல் போவது. (மனைவி கேட்பாளே என்காதீர்கள், நான் வாயைத் திறந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவாள்.) அந்த நோய் முற்றித்தான் நானோ துகள் தயாரிக்க இறங்கினேன். ஆவாரம் இலையைக் காய்ச்சி, துத்தநாக உப்பைக் கலந்து சுட்டெடுத்தால், துத்தநாக ஆக்சைடு மிக மிக நுண்ணிய தூளாகக் கிடைக்கும். ஊறுகாய் ஜாடி நிறையச் செய்துவிட்டேன். இலை சேர்ந்ததால் அதை மூலிகை என்றே நம்பினேன். (எருக்கஞ்செடியிலும் இலைதான் இருக்கிறது. அது அப்போது நினைவுக்கு வரவில்லை.)

பக்கத்து வீட்டு மாது, தார்ப்பாய் விரித்த சின்னக் குட்டையில் கட்லா வளர்த்தான். மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு முதல் தடவையாகச் சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள். "நம்ம குட்டை மீனுங்க" என்று தொப்பூரிலிருக்கும் அவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தான். கோடையில் தண்ணீர் வற்றி, மேலே பச்சைப் பாசி படர்ந்திருந்தது. பாசியை ஒழித்துத் தருகிறேன் என்று நான் ஜாடியோடு போனேன்.

"மீனுக்கு ஒண்ணும் ஆவாதுங்களே சார்?"

"இலையில செஞ்சதுப்பா. நானே குடிப்பேன்."

நான் குடிக்கவில்லை. மீன்கள் குடித்தன.

மூன்றாம் நாள் காலை அத்தனையும் வயிறு மேலாக மிதந்தன. துகள் செவுளில் ஒட்டியிருக்கும், கரைந்த துத்தநாகம் மூச்சை அடைத்திருக்கும். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் மாது, "என்னங்க சார் இது?" என்று கேட்டதும் வாய் தானாகப் பேசியது.

"பூச்சி மருந்து அடிக்கிற டேங்க்கை யாராச்சும் இங்க கழுவுனீங்களா?"

"கொழாயிலதாங்க கழுவுனேன்" என்றாள் சின்னப்பொண்ணு.

"தண்ணி ஓடி வந்திருக்கும்மா" என்று விரலால் காற்றில் படம் போட்டே காட்டினேன்.

மாது அவள் மேல் பாய்ந்தான். "படிச்சவரு பொய்யா சொல்லுவாரு?"

(சொல்லுவாரு. படம் போட்டே சொல்லுவாரு.)

விருந்தன்று கோழி அடித்தார்கள். "குட்டை மீனுன்னீங்களே?" என்றார் சம்பந்தியம்மா. மாது, "எல்லாம் இவ பண்ண வேலைங்க" என்றான். சின்னப்பொண்ணு குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பந்தியில் நானும் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். சொன்னேன் என்பதைவிடப் பாடம் நடத்தினேன் என்பதே சரி. நுண்துகள், செவுள், அயனி என்று போய்க்கொண்டிருந்தபோது கதவருகிலிருந்து சின்னப்பொண்ணுவின் குரல் வந்தது.

"சார், கொன்னது யாருன்னு மட்டும் சொல்லுங்க."

"நான்தாம்மா."

"இப்ப உக்காந்து சாப்புடுங்க" என்றாள். மாது அவள் முகத்தைப் பார்க்காமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பரிகாரமாக மறுவாரமே மீன்குஞ்சு வாங்கி வந்து குட்டையில் விட்டேன். அவையும் செத்தன. தூள் அடிச்சேற்றில் தங்கியிருக்கும் என்பது வேதியியல் படித்த எனக்குத் தோன்றவில்லை, "சேத்தை அள்ளுனீங்களா சார்?" என்று கேட்டது சின்னப்பொண்ணு. பிறகு நானே இறங்கி, இடுப்பு ஒடியச் சேற்றையெல்லாம் வாரினேன், தார்ப்பாயை மாற்றினேன். மூட்டை கட்டிய சேறு இன்னும் என் மொட்டை மாடியில் கிடக்கிறது. எங்கே கொட்டினாலும் யாருடைய தண்ணீருக்கோ போய்ச் சேரும்.

இப்போது குட்டையில் மீன் நன்றாக வளர்கிறது. ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் முதல் மீன் என் வீட்டுக்குத்தான் வரும். முதல் தடவை வந்தபோது, மன்னித்துவிட்டாள் என்று நெகிழ்ந்துபோய் முள்ளைக்கூட விடாமல் சாப்பிட்டேன். மறுநாள் விடிந்ததும் வாசலில் சின்னப்பொண்ணு நின்றாள்.

"ஏங்க வாத்தியாரம்மா, சார் எந்திரிச்சுட்டாருங்களா?"

"நல்லாத்தான் இருக்காரு" என்றாள் என் மனைவி.

"அப்ப சரிங்க" என்று திரும்பிப் போய், அதன் பிறகுதான் தன் வீட்டு மீனுக்குப் புளி கரைத்தாள். இன்றுவரை அதுதான் நடைமுறை.