ட்ரம்பெட்டுக்குப் பதில் பாடினேன்

எனக்குக் கோபம் வந்தால் காது கேட்காது. பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு இது எவ்வளவு கேடு என்று யாரும் எனக்கு விளக்க வேண்டாம். சேலம் ஜங்ஷனில், ஒரு மண்டபம் நிறைய ஆள் பார்க்க, எனக்கே விளங்கிவிட்டது.

அப்போது யுத்த காலம். எனக்கு இருபத்தெட்டு வயது. நாடகங்களில் ராஜா வேஷம் கட்டிப் பாடிவிட்டு, பிறகு நடிகர்களுக்குக் குரல் பழக்கும் வேலைக்கு வந்திருந்தேன். மைக் எல்லாம் எங்களுக்குக் கிடையாது. கொட்டகைக் கடைசியில் சுண்டல் விற்கிறவன் காதில் விழவில்லை என்றால் அது பாட்டே இல்லை. அடிவயிற்றிலிருந்து மூச்சை எடு, வாயைத் திற, எறி. என் பாடம் இவ்வளவுதான். மேச்சேரியில் முகாம் போட்டிருந்தபோது ஆட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாட வைப்பேன். பத்தாவது ஆடு திரும்பிப் பார்த்தால் தேர்ச்சி. (பல பேர் முதல் ஆட்டையே தாண்டவில்லை. ஆடுகளைக் குறை சொல்ல முடியாது.)

என் வீட்டுக்காரரின் அக்கா நாச்சியம்மாளும் என்னிடம்தான் படித்தார். புருஷனின் அக்காளை எங்கள் பக்கத்தில் நங்கையா என்போம். மரியாதை குறையக் கூடாது. அதனால் திட்டும்போதும் மரியாதையாகத்தான் திட்டுவேன்.

"நங்கையா, வாயைத் தொறந்து பாடுங்க! கொசுவுக்கா பாடறீங்க?"

"கத்துனாத்தான் பாட்டா புள்ள? பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்கும் காது இருக்குதல்ல?"

எருமப்பட்டியில் வாழ்க்கைப்பட்ட நங்கையா, புருஷன் செத்தபின் இரண்டு பெண் குழந்தைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர். யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் தட்டில் இரண்டாம் கரண்டி சோறு விழுமுன் கையால் மறித்துவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் சேலத்தில் ஒரு சினிமாக் கம்பெனி பாட ஆள் தேடியது. அதன் சங்கீத டைரக்டருக்கு ஜாஸ் என்றால் பைத்தியம். ஜங்ஷனில் ரயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மண்டபத்தில் ஜாஸ் வாசித்து ஆடுவார்கள். "அவர்களோடு மைக் முன்னால் ஒரு பாட்டுப் பாடட்டும், வந்து கேட்கிறேன்" என்று சொல்லி அனுப்பினார். பிடித்துவிட்டால் மாதச் சம்பளம், குடியிருக்க இரண்டு அறை.

"உங்கூட்டுச் சோத்த எத்தன நாளைக்கு உங்கறது, ராசம்மா? எம் புள்ளைங்களுக்கு ஒரு ஊடு வேணும். எனக்கு இத உட்டா வேற வழியில்ல" என்றார் நங்கையா. அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை.

ஆங்கில மெட்டு ஒன்றுக்கு என் வீட்டுக்காரர் தமிழில் வரி கட்டினார். நங்கையா இரண்டு தடவை போய் அவர்களோடு ஒத்திகை பார்த்தார். என்னைக் கூப்பிட்டார். "குரு நான் இருக்க, ரயில் ஓட்டறவங்க என்ன சொல்லிக் குடுக்கறது?" என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். அந்தத் திமிருக்குத்தான் கிடைத்தது கூலி.

எங்கள் நாடக மேடையில் ஒரு வழக்கம் உண்டு. பாடுகிறவர் ஓரடி பாடி நிறுத்தினால், ஆர்மோனியக்காரர் அதையே வாங்கி, கூட இரண்டு சுற்று சுற்றி வாசிப்பார். பாடுகிறவர் அதற்கும் மேலே ஒன்று போட வேண்டும். வாயை மூடி நின்றால் தோல்வி. விசில் கூரையைப் பிய்க்கும். நாமக்கல்லில் ஒரு ஆர்மோனியக்காரரை இப்படி மடக்கி மடக்கித் துருத்தியிலிருந்து கையை எடுக்க வைத்தேன். (பிறகு அவரையே கட்டிக்கொண்டேன். அது தனித் தண்டனை.)

ஞாயிற்றுக்கிழமை வந்தது. டைரக்டர் முதல் வரிசையில் டீக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குப் பின்னால். நங்கையா மைக்கிடம் காதில் ரகசியம் சொல்வது போலப் பாட ஆரம்பித்தார். ஒவ்வொரு சொல்லும் தாளம் போன பிறகு சாவகாசமாக வந்து சேர்ந்தது. ஜாஸில் அப்படித் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து பாடுவதுதான் அழகு. எனக்கு அது தெரியாது. தாளம் நழுவுகிறது என்று நினைத்து, தொடையில் பளார் பளார் என்று தட்டிக் கொடுத்தேன். டைரக்டர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். நன்றி சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

நங்கையா இரண்டு அடி முடித்தார். உடனே ட்ரம்பெட்காரர் ஆல்பர்ட் எழுந்து நின்றார். கூட்ஸ் வண்டி கார்டு. மாடு மாதிரி நெஞ்சு. அதே மெட்டை வாங்கி, முறுக்கி, வளைத்து, உச்சியில் கொண்டுபோய் நிறுத்தினார். நங்கையா ஓரடி பின்னால் தள்ளி, வாயை மூடிக்கொண்டு நின்றார்.

சவால்! பதில் இல்லை! கூட்டம் ஆல்பர்ட்டுக்குக் கை தட்டுகிறது!

"உடாதீங்க நங்கையா! போடுங்க!" என்று கத்தினேன். அவர் கண்ணால் 'உட்கார்' என்றார். அதற்குள் கிளாரினெட்காரரும் எழுந்து வாசிக்க ஆரம்பித்தார். ஒருத்திக்கு எதிராக இரண்டு பேரா? கோபம் வந்தது. காது போயிற்று.

மேடை ஏறிவிட்டேன். மைக்கை என் பக்கம் இழுத்து, மேச்சேரிச் சந்தை முழுவதும் திரும்பும்படி ஒரு ஆலாபனையை எறிந்தேன். மைக் 'கீ' என்று அலறியது. அதை மூன்றாவது எதிரி என்று எண்ணி, அதற்கும் மேலே ஒரு பிடி பிடித்தேன். அது இன்னும் அலறியது. நான் இன்னும் ஏறினேன். ஆடிக்கொண்டிருந்த ஜோடிகள் கைகளை விட்டுவிட்டுக் காதைப் பொத்தின. டைரக்டரின் டீ அவர் மடியில் இருந்தது. உச்சியில் என் தொண்டை கிழிந்து, சேவலை மிதித்தது போல ஒரு சத்தம் வந்தது. அத்தோடு நின்றேன்.

ஆல்பர்ட் குனிந்தார். "ஏனுங்கம்மா, சண்டை ஒண்ணுமில்லீங்க. இதுல ஆளுக்கொரு முறைங்க. வாசிச்சுட்டு அவங்ககிட்டயே குடுத்துருவமுங்க."

பாடுகிறவர் பாட்டுக்கு நடுவில் மற்றவர்களுக்கு இடம் விட்டு நிற்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

வாத்தியங்கள் அதுவரை நிற்கவில்லை. நங்கையாவும் தாளம் எண்ணுவதை நிறுத்தவில்லை. இடுப்பால் என்னை ஒரு இடி இடித்தார். மைக்கைத் தன் பக்கம் திருப்பி, சரியான இடத்தில், அதே ரகசியக் குரலில் மூன்றாம் அடியை எடுத்தார். மண்டபம் மூச்சு விடாமல் கேட்டது. முதல்முறையாக நானும் கேட்டேன். கடைசி வரிசையில் நின்றவன் கூடத் தலையாட்டினான்.

பாட்டு முடிந்ததும் டைரக்டர் ஈர வேட்டியோடு மேடைக்கு வந்தார். என் உயிர் போய்விட்டது. "அந்த அமளியிலும் கணக்குத் தப்பாம நின்னீங்களே, அம்மா. நாளைக்கே வாங்க" என்றார் நங்கையாவிடம். பிறகு என்னைப் பார்த்தார். "இவங்க மட்டும் கம்பெனி கேட்டுக்கு வெளியில."

வீடு திரும்பும்போது நங்கையா வேகமாக முன்னால் நடந்தார். பாதி வழியில் நின்று, "எங் குடியக் கெடுக்கப் பாத்தியே, புள்ள" என்றார்.

"உங்களுக்காகத்தானுங்க ஏறுனேன்."

"அது தெரியாமயா இடுப்பால இடிச்சேன்? இல்லாட்டிக் காலால உதைச்சிருப்பேன்."

சொன்னவர் சிரித்துவிட்டார். நடுரோட்டில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

பிள்ளைகளோடு அந்த இரண்டு அறைக்குப் போனார். பிறகு சொந்த வீடே கட்டினார். அதன் புதுமனைப் புகுவிழாவில் பந்தியில் எனக்கு முதல் இலை போட்டார். மைக் செட்டை மட்டும் பின்கட்டில் வைத்துப் பூட்டினார்.

இப்போது ரேடியோவில் அவர் பாட்டு வரும். இரண்டு அடி முடிந்து ட்ரம்பெட் எழும்பும்போது வீட்டில் எல்லோர் தலையும் என் பக்கம் திரும்பும். நங்கையாவின் பேத்தி ஓடிவந்து மடியில் ஏறி, சின்னக் கையால் என் வாயைப் பொத்துவாள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த ட்ரம்பெட்டுக்கு என்னிடம் இன்னும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது.