சிவந்த நாக்கும் கருந்துளையும்

வெள்ளானூர்,
ஞாயிறு

அன்புள்ள கண்ணம்மா அத்தைக்கு, உங்கள் அண்ணன் மகள் காவ்யா வணக்கத்துடன் எழுதுவது.

போன் இருக்கும்போது கடிதம் எழுதுவதற்கு மன்னிக்கவும். போனில் 'எப்டி கீறே?' என்பீர்கள், நானும் 'சூப்பரா கீறேன்' என்று வைத்துவிடுவேன். எழுதும்போது அவ்வளவு சுலபமாகப் பொய் வருவதில்லை. மாமாவுக்குக் கால் வலி தேவலையா?

அண்ணனூர் குவார்ட்டர்ஸில் உங்களோடு தங்கிப் பத்தாம் வகுப்பு படித்த வருஷம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. ஸ்டேஷன் வாசலில் சிவப்புக் குச்சி ஐஸ் தின்றுவிட்டு வருவேன். ஷெட்டுக்குள் போகிற ரயில் சத்தத்தையும் மீறி உங்கள் குரல் கேட்கும்.

"எங்கடி பூட்டு வர்றே?"

"லைப்ரரிக்கு, அத்தே."

"அந்த லைப்ரரில ஐஸ் விக்கிறானா? நாக்க நீட்டு!"

என் ஆராய்ச்சியும் அதேதான், அத்தை. கருந்துளை கண்ணுக்குத் தெரியாது. அதைச் சுற்றும் வட்டின் மேல் எக்ஸ் கதிர் பட்டுத் திரும்பி வரும். அந்த ஒளியில் வட்டிலுள்ள இரும்பு விட்ட கறையைப் பார்த்து, நடுவில் இருப்பது எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று சொல்லக் கணக்கு மாதிரிகள் உண்டு. அவற்றைச் சோதிப்பது என் வேலை. அதற்கும் உங்கள் வழிதான்: பதில் தெரிந்த ஒளியைக் கம்ப்யூட்டரில் நானே செய்து கொடுத்து, ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்பேன்.

கேட்டால், அந்தக் கணக்கு மாதிரி 'லைப்ரரி' என்றே சாதிக்கிறது. வட்டு தோசை மாதிரி மெலிசு என்று அதற்கு நினைப்பு, நான் கொடுத்ததோ ஊத்தப்பம், அதனால் வேகத்தைத் தப்பாகச் சொல்கிறது, இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் போன வாரம் தேர்வு ஒத்திகைக்கு எழுந்து நின்றேனா, என் பேராசிரியர் 'ஹவ் டூ யூ நோ?' என்று ஒன்றே ஒன்று கேட்டார், எனக்கு இங்கிலீஷ் மொத்தமும் பூட்ச்சு, வாயில வந்தது 'நாக்கு செவந்துகீது சார்'. எல்லாரும் சிரிச்சாங்க. தண்ணி குடிக்கிற சாக்குல வெளிய ஓடுனேன், மைக் என் கையிலயே இருந்துச்சு, வராண்டால நான் மூக்கு உறிஞ்சினது ஹால் முழுக்கக் கேட்டுச்சாம்.

பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு வாய்மொழித் தேர்வு. தேறினால்தான் டாக்டர் பட்டம். நீங்கள் வர வேண்டாம். எல்லாம் இங்கிலீஷ், இரண்டு பஸ் மாற வேண்டும், மாமாவுக்கும் சமைக்க வேண்டும். இருந்த இடத்திலிருந்தே வாழ்த்தினால் போதும்.

மாமாவுக்கு என் வணக்கம்.

என்றும் உங்கள்
காவ்யா

பி.கு.: மேலே 'வர வேண்டாம்' என்று எழுதியது லைப்ரரி. யார் வேணா வந்து உக்காரலாம், கேள்வியும் கேக்கலாமாம். நீ வா அத்தே. மொத வரிசைல குந்து. நான் ஊமையா நின்னா, நீ ஒரு தபா கேளு: 'உனுக்கு எப்டிடி தெரியும்?' உன்கிட்டன்னா சொல்லிடுவேன்.