இருபத்து நாலு ஜோடிச் செருப்பு

ஐந்தாவதாகச் சினேகா உள்ளே காலை வைத்ததும், அறையில் இருந்த நால்வரில் ஒருத்தி எழுந்து வெளியே போனாள்.

"ஏய், எங்கடி போற? எட்டுக் கட்டில் கிடக்குல்ல?" என்றாள் பானுப்பிரியா.

"நாலு பேருதான் டீச்சர்."

"யாரு சொன்னா?"

அவள் வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆனைக்குட்டம் அணைக்குப் பக்கத்தில், ஆள் அண்டாத பொட்டலில், வெள்ளையடித்த மூன்று ஒற்றை அறைக் கட்டடங்களில் நடந்தது அந்தக் கோடை முகாம். சிவகாசிப் பக்கத்து ஊர்களிலிருந்து வேனில் வந்திறங்கிய இருபத்து நாலு பெண் பிள்ளைகள்; பதினாலு, பதினைந்து வயது. அவர்களைப் பழக்கி எடுக்கக் காரியாபட்டியிலிருந்து வந்த தற்காலிக வார்டன் பானுப்பிரியா. மூன்றாம் நாள் ஆபீசர் வருவார். பிள்ளைகள் சிரித்து விளையாடினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் முகாமை இழுத்து மூடிவிடுவார்கள். அவள் பழையபடி பருத்திக்காட்டில் களையெடுக்க வேண்டியதுதான்.

அறைக்கு நாலு பேர் போக, மீதிப் பன்னிரண்டு பேரும் வேப்பமரத்தடியிலேயே குடியிருந்தார்கள். செருப்பை வாசலில் நூல் பிடித்தாற்போல் விட்டார்கள். நுழையுமுன் ஒவ்வொருத்தியும் வாசலிலிருந்த இரும்புக் குழாயை ஒருதரம் தொட்டாள். உட்கார்ந்தால் வாசலைப் பார்த்துத்தான். விரல்கள் மட்டும் மடியில், இல்லாத எதையோ உருட்டிக்கொண்டே இருந்தன.

சமையல்காரி மாடத்தி விருதுநகர் வத்தல் குடோனில் முப்பது வருசம் மூட்டை சுமந்தவள். அவளுக்கே உதறல் எடுத்தது.

"டீச்சர், இதுக பிள்ளைக இல்ல. பிள்ளைக மாதிரி என்னமோ."

"சும்மா இருங்கக்கா. எல்லாம் சேட்டை."

இரண்டாம் நாள் பானுப்பிரியா எட்டுப் பேரை ஒரே அறைக்குள் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டாள். உள்ளே அழுகை இல்லை, சத்தம் இல்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். எட்டுப் பேரும் கதவை ஒட்டி, மூச்சுவிடும் தூரத்தில் நின்றிருந்தார்கள்.

"கதவைச் சாத்தக் கூடாது டீச்சர்," என்றாள் ஒருத்தி, மெதுவாக.

"ஏன்?"

"சாத்துனா யாரும் வெளிய வர முடியாது."

பானுப்பிரியா தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள். அதற்குப் பிறகு எவளும் அறைக்குள் போகவே மாட்டேன் என்றுவிட்டாள்.

"எல்லாத்தையும் நான் பாத்துக்கிடுதேன்," என்று மாடத்தி பேய் விரட்ட வேப்பமரத்தடிக்குத் தட்டும் சூடமுமாக வந்தாள். உச்சி வெயில். தீக்குச்சியை உரசிய சத்தம்தான். இருபத்து நாலு பேரும் கத்தாமல், ஒருத்தியை ஒருத்தி இடிக்காமல் ஓடி, வேலிக்கு அந்தப் பக்கம் கொதிக்கிற மணலில் வெறுங்காலோடு நின்று, தலைகளை எண்ணிக்கொண்டார்கள்.

"டீச்சர், கையைச் சுடுது. கொளுத்தவா, வேண்டாமா?"

"ஊதித் தொலைங்கக்கா!"

மூன்றாம் நாள் பானுப்பிரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "இன்னைக்கு ஆபீசர் வாராரு. உங்களை நம்பித்தான் தாயீ என் பொழப்பு இருக்கு."

அந்த இருபத்து நாலு முகங்களும் முதல் தடவையாகத் தெளிந்தன. சினேகா அவள் கையைப் பிடித்தாள். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா? நாங்க பாத்துக்கிடுதோம் டீச்சர்."

நாலு மணிக்கு ஜீப் சத்தம் கேட்டது. பானுப்பிரியா சேலையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு ஓடினாள். ஆபீசர் லட்சுமிகாந்தத்தை உள்ளே கூட்டிவந்து திரும்பினால், முகாமில் ஒரு ஈ காக்கை இல்லை. சுண்டல் தட்டுகளில் ஆவி பறந்துகொண்டிருந்தது. வாசலில் இருபத்து நாலு ஜோடிச் செருப்பு.

"பிள்ளைக எங்கம்மா?"

"இப்ப... இங்கனதான் சார் இருந்தாக."

ஆபீசர் மூன்று அறையையும் பார்த்தார். செருப்புகளைப் பார்த்தார். அவர் குரலும் கொஞ்சம் இறங்கிப்போனது. "ஆள் இல்லாத கேம்ப்புக்கு வார்டன் எதுக்கு? நாளைக்குச் சாவியைக் குடுத்துருங்க."

ஜீப் போயிற்று. மாடத்தி துணிமூட்டையைக் கட்டத் தொடங்கினாள். "நான் அப்பவே சொன்னேம்லா?"

புழுதி அடங்கியது. காய்ந்துகிடந்த தண்ணீர்த் தொட்டியின் மூடி மெல்ல நகர்ந்தது. மாடத்தி மூட்டையைக் கீழே போட்டாள். உள்ளேயிருந்து சினேகாவின் தலை எழும்பி, ரோட்டை ஒருதரம் பார்த்தது. பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, ரகசியம்போலச் சொன்னாள்:

"பயப்படாதீக டீச்சர், ஒருத்தியும் ஆப்புடல. போன வருசம் வெடி கம்பெனிக்கும் எங்கள கேம்ப்புன்னு சொல்லித்தான வேன்ல ஏத்தி, ரூமுக்கு நாலு பேரா மருந்து அடைக்க விட்டாக, ஆபீசர் வந்தா எங்கன ஒளியணும்னு எங்களுக்குத் தெரியாதா?"