அட்டவணையில் இல்லாத நண்டு

கடல்வளத் துறையின் கிளை அலுவலகத்தில் நண்டுகளுக்கென்று ஓர் அட்டவணை உண்டு. சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்றே கட்டங்கள். பெரியது என்றால் ஒரு சாண். அதற்கு மேல் வளர நண்டுக்கு அனுமதி இல்லை.

அட்டவணையைத் தயாரித்தவர் தலைமை எழுத்தர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அளவுகோல் காணாமல் போயிருந்த ஒரு நாளில், தன் கையை மேஜைமேல் விரித்துப் பார்த்து ‘அதிகபட்சம் ஒரு சாண்’ என்று எழுதினார். ஆள் குள்ளம், கையும் அதற்கேற்ற கைதான். அன்றிலிருந்து கடலுக்கு அதுவே சட்டம்.

பெரிய நண்டு வலையைக் கிழித்துவிட்டது, புது வலை வேண்டும் என்று யார் மனு கொடுத்தாலும் ஒரே வாக்கியத்தில் திருப்பி அனுப்புவார்: ‘மனுவில் கண்டுள்ள அளவில் நண்டு ஏதும் இல்லை என்பது பரிசீலனையில் தெரியவருகிறது.’ அந்த வாக்கியத்தில் அவருக்கு அத்தனை பெருமை. ஒருநாள் மனைவியிடம் சொல்லிக் காட்டினார். “நல்லாத்தான் இருக்கு, சாப்பாடு ஆறுது” என்றாள் அவள்.

பதவி உயர்வுக்கு இன்னும் ஒன்பது நாள். இந்த நேரத்தில், அலுவலகத்தில் எல்லோரும் வலைக்காரம்மா என்று அழைக்கும் மீனவப் பெண்ணின் ஏழாவது மனு வந்தது. வழக்கமான வாக்கியத்தை எழுதிய தலைமை எழுத்தரின் கை சும்மா இல்லாமல், ‘ஆதாரத்தை நேரில் சமர்ப்பிக்கவும்’ என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பம்.

மறுநாள் காலை அந்த அம்மா ஒரு சாக்கைத் தூக்கமாட்டாமல் தூக்கிவந்து அவர் மேஜையடியில் அவிழ்த்தார்.

“சமர்ப்பிச்சிட்டேன் சார்.”

வெளியே வந்த நண்டு வாளி மூடி அகலம் இருந்தது. மேஜைக்கடியில் செருப்பைக் கழற்றிப்போடுவது தலைமை எழுத்தரின் வழக்கம். நண்டு அவருடைய இடது கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது.

“ஐயோ! எடும்மா! எடு!”

“எதை சார்?”

“நண்டை!”

“அப்படி ஒண்ணு இல்லேன்னு ஏழு தடவ எழுதியிருக்கீங்களே சார். இல்லாததை நான் எப்படி எடுக்கிறது?”

“இருக்கும்மா! இருக்கு! உனக்குப் புது வலைக்கு எழுதித் தரேன், என் பிள்ளைங்க மேல சத்தியம்!”

அந்த அம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. கழிவறையிலிருந்து வாளித் தண்ணீர் கொண்டுவந்து காலோடு சேர்த்து நண்டை உள்ளே இறக்கினார். பிடி விட்டது. அடுத்த நொடியே நண்டு வாளியைக் கவிழ்த்துவிட்டுப் பழைய கோப்பு அலமாரிக்கடியில் புகுந்துகொண்டது.

சத்தம் கேட்டு அதிகாரி தன் அறையிலிருந்து வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“தாராளமா எழுதுங்க. ஆனா நண்டு இருக்குன்னு எழுதினா, நீங்க திருப்பின மனு அத்தனையும் திரும்பி வரும். பதவி உயர்வை மறந்துடுங்க.”

தலைமை எழுத்தர் விரலைப் பார்த்தார். வலைக்காரம்மாவைப் பார்த்தார். வெட்கமாகத்தான் இருந்தது. பேனாவை எடுத்துத் தன் பழைய வாக்கியத்தையே எழுதினார்.

“சரி சார், என் நண்டையாவது குடுங்க” என்றார் அந்த அம்மா.

“இல்லாத பொருளை வெளியே எடுத்துட்டுப் போக எப்படிம்மா சீட்டு போடுறது?” என்றார் அதிகாரி.

விரல் வீங்கியது. தலைமை எழுத்தர் மருத்துவ விடுப்பு கேட்டார். விண்ணப்பம் அன்றே திரும்பிவந்தது: ‘விண்ணப்பத்தில் கண்டுள்ள அளவில் நண்டு ஏதும் இல்லை; ஆகவே காயமும் இல்லை.’ வலியோடு வலியாக இரண்டு முறை படித்தார். நடையில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் முதல் அவர் நாற்காலிமேல் சம்மணமிட்டு உட்கார்ந்தார். தட்டச்சர் உட்கார்ந்தார். அதிகாரியும் உட்கார்ந்தார். முதுகுக்கு நல்லது என்று பேச்சு பரவி, பக்கத்து இரண்டு அலுவலகங்களிலும் காலை மேலே தூக்கிவிட்டார்கள். விசாரிக்க வந்தவர்களும் பெஞ்சுமேல் சம்மணமிட்டார்கள், நாகரிகம் தெரியாதவர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே!

பத்தாம் நாள் வலைக்காரம்மா எட்டாவது மனுவோடு வந்தார். முந்தின நாள்வரை தலைமை எழுத்தராக இருந்த புதிய கண்காணிப்பாளர் படித்துப் பார்த்துக் கனிவாகச் சொன்னார்:

“அப்படி ஒரு நண்டே இல்லம்மா.”

“சரி சார். காலைக் கீழ வைங்க, நான் போயிடறேன்.”

கண்காணிப்பாளர் கோப்பைப் புரட்டினார். அதிகாரி கூரையைப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்கள் தங்கள் மனுக்களைப் படிக்க ஆரம்பித்தார்கள். ஒரு கால்கூடக் கீழே இறங்கவில்லை.